காசநோய் மாத்திரையும் கல்லீரலும்: கீழாநெல்லியா, சிலிமாரினா, சீந்திலா?

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியாகி மாத்திரை ஆரம்பித்தால், முதல் வாரத்திலேயே அந்தப் பேச்சு வந்துவிடும். "இந்த மாத்திரை ரொம்பச் சூடு, ஈரலைக் கெடுத்துடும், கூடவே கீழாநெல்லி அரைச்சுக் கொடுங்க" என்பார் ஒரு பெரியம்மா. மருந்துக்கடையில் விசாரித்தால் சிலிமாரின் என்ற மூலிகை மாத்திரை அட்டையை எடுத்து வைப்பார்கள். வாட்ஸ்அப்பில் சீந்தில் கஷாயம் வந்து நிற்கும். இவர்களின் கவலை பொய்யில்லை. காசநோய் மாத்திரை கல்லீரலைப் பாதிக்கக்கூடியதுதான். கூடச் சேர்ப்பதென்றால் எதைச் சேர்ப்பது, சேர்க்கத்தான் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணம் ரத்தப் பரிசோதனைக்கும் சாப்பாட்டுக்கும் போகட்டும். மூலிகை ஏதாவது கொடுத்தால்தான் மனசு ஆறும் என்றால் சிலிமாரின், அதுவும் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு. கீழாநெல்லி, இந்த ஆறு மாதத்துக்கு வேண்டாம். சீந்தில் கண்டிப்பாக வேண்டாம். இந்த வரிசைக்கான காரணங்களைக் கீழே பார்ப்போம்.

மாத்திரை என்ன செய்கிறது

சாதாரணக் காசநோய்க்கு நம் நாட்டில் 6 மாத மருத்துவம். முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பூட்டால் என்று நான்கு மருந்து. அடுத்த 4 மாதம் பைரசினமைடு போக மற்ற மூன்று. எதாம்பூட்டாலுக்குக் கண்ணோடுதான் தகராறு, கல்லீரலை அநேகமாகத் தொடுவதில்லை. மற்ற மூன்றும் தொடும்.

ஐசோனியசிட்டைக் கல்லீரல் படிப்படியாக உடைத்து வெளியேற்றுகிறது. நடுவில் ஹைட்ரசின் வகைப் பொருள்கள் உண்டாகின்றன. செல்லைக் காயப்படுத்துபவை அவைதான். அவற்றை அடக்கும் நொதி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வேலை செய்யாது. பிறவியிலேயே அது மெதுவாக இருப்பவர்கள் இந்தியர்களில் பாதிக்கும் மேல். ரிஃபாம்பிசின் வேறு நொதிகளை உசுப்பிவிட்டு இந்த வேலையை இன்னும் சிக்கலாக்கும். பைரசினமைடு அளவு கூடினால் ஆபத்தும் கூடும். இதற்கு மேல், சிலருக்கு மட்டும் உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் கல்லீரலைத் தாக்கத் தொடங்குகிறது. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

இன்னொரு விஷயமும் இங்கேயே தெரிந்திருக்க வேண்டும். ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல் காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதி) அளவு கொஞ்சம் ஏறி, மாத்திரையை நிறுத்தாமலே தானாக இறங்கிவிடும். கல்லீரல் பழகிக்கொள்கிறது. அந்த வாரங்களில் நீங்கள் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். இளநீர் குடித்திருந்தால் இளநீருக்கு. மூலிகை வேலை செய்தது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் பலர் பொய் சொல்லவில்லை. ஏறியதையும் இறங்கியதையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

எல்லோருக்கும் இறங்கிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013 முதல் 2018 வரை இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 1,288 பேரைப் பதிவு செய்தன. அதில் ஏறக்குறைய 46 விழுக்காடு காசநோய் மருந்துகளால் வந்தது. சுமார் 14 விழுக்காடு மூலிகை, நாட்டு மருந்து வகைகளால் வந்தது. காப்பாற்றும் என்று நம்பிச் சேர்க்கிற பொருளும் அதே பட்டியலில் இருக்கிறது.

எலிகள் சொல்வதை எவ்வளவு நம்புவது

எந்தச் செடியின் பெயரைப் போட்டுத் தேடினாலும் "கல்லீரலைக் காக்கிறது" என்று ஆய்வுக்கட்டுரை கிடைக்கும். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு, மணத்தக்காளி, கடுகுரோகிணி, மஞ்சள், எதுவும் விதிவிலக்கு இல்லை. பெரும்பாலானவை எலி ஆய்வுகள், எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சு. எலிக்குச் சில நாள் சாறு கொடுப்பார்கள். அப்புறம் பாராசிட்டமாலோ கார்பன் டெட்ராகுளோரைடோ கொடுத்துக் கல்லீரலைக் கெடுப்பார்கள். ஒப்பிடுவதற்கு ஒரு கூட்டத்துக்குச் சிலிமாரின். கடைசியில் ரத்தத்தில் நொதி அளவைப் பார்ப்பார்கள்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, பாராசிட்டமால் தானாக நஞ்சு இல்லை. கல்லீரலில் ஒரு நொதி அதை நஞ்சாக மாற்றுகிறது. முன்கூட்டியே கொடுத்த சாறு அந்த நொதியை மந்தமாக்கினாலே போதும், எலி தப்பித்துவிடும். ஆய்வில் அது "பாதுகாப்பு" என்று பதிவாகும். கெட்டுப்போன கல்லீரலைச் சாறு சரிசெய்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மனிதருக்குக் காசநோய் மருந்தால் வரும் பாதிப்பில் எதிர்ப்புச் சக்தியின் பங்கும் உண்டென்பதால், எலியில் அதை அப்படியே உண்டாக்கிக் காட்டவும் முடிவதில்லை.

இரண்டாவது அளவு. எலிக்கு எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு என்பது இந்த ஆய்வுகளில் சாதாரணம். எலிக்கும் மனிதருக்குமான கணக்கில் அதை 6.2 ஆல் வகுத்தால், 60 கிலோ மனிதருக்கு நாளுக்கு ஏறக்குறைய 4 கிராம் வருகிறது. இலை இல்லை, காய்ச்சி வற்றவைத்த சாற்றின் எடை. பத்துப் பங்கு காய்ந்த இலைக்கு ஒரு பங்கு சாறு என்று வைத்தாலும் 40 கிராம் காய்ந்த இலை. கடையில் விற்கும் மாத்திரைக்கு மேலே படம் இருக்கும், உள்ளே அந்த அளவு இருக்காது.

ஆகவே எலிகளை ஒதுக்கிவிட்டு, மனிதர்களில் என்ன தெரியும் என்று மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீழாநெல்லி

நம் ஊரில் காமாலை என்றாலே கீழாநெல்லிதான். வேரோடு பிடுங்கி அலசி, அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ஊரில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அடிக்கடி வரும் காமாலை, கெட்ட தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகப் போய்விடும்.

கீழாநெல்லிக்கு ஆய்வுலகிலும் ஒரு பெரிய நாள் இருந்தது, அதுவும் சென்னையிலிருந்து. எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் அதில் இருந்தார். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்த நாளில் இது பெரிய செய்தி. ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோதும், வெற்று மருந்தைவிட மேல் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது.

நம் கேள்விக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது? சொல்லப்போனால் ஒன்றுமில்லை. அது வைரஸுக்கான ஆய்வு. காசநோய் மாத்திரையால் வரும் பாதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. "ஈரலுக்கு நல்லது" என்று பொதுவாக ஒரு பெயர் வாங்கிய செடியை, ஈரலுக்கு எதனால் கேடு வந்தாலும் கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஹெபடைடிஸ் ஏ தானாகப் போகும். மாத்திரையால் வந்த காமாலை, மாத்திரையை நிறுத்தாமல் தானாகப் போகும் என்று இருக்கவே முடியாது. கண் மஞ்சளான பிறகும் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, கூடவே கீழாநெல்லி குடித்துக்கொண்டு ஒரு வாரம் பார்ப்பது உயிரோடு விளையாட்டு.

எனக்குக் கீழாநெல்லியைவிடப் பெரிய பயம் அதோடு வரும் பத்தியம். உப்பில்லை, எண்ணெயில்லை, கறி முட்டை கிடையாது, மோர்சாதம் மட்டும். காசநோய்க்காரர் ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பவர். போதிய சத்தில்லாத உடம்புக்குத்தான் இந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். எதற்குப் பயந்தோமோ அதைப் பத்தியமே கூட்டிவிடும். போதாததற்கு, ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும் வெறும் வயிற்றில்தான் நன்றாக உடம்பில் சேரும். அதே வெறும் வயிற்றைத்தான் கீழாநெல்லியும் கேட்கிறது.

மஞ்சளும் சீந்திலும்

இந்தப் பட்டியலில் எண்ணிக்கை அளவில் கண்ணைக் கவரும் ஆய்வு இதுதான். குஜராத்தில் காசநோய் மருத்துவம் எடுப்பவர்களுக்கு மஞ்சள் சாறும் சீந்தில் சாறும் சேர்த்துக் கொடுத்தார்கள், 2008இல் வெளியானது. மருந்து மட்டும் சாப்பிட்ட 192 பேரில் 27 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு. சாறும் சேர்த்துச் சாப்பிட்ட 316 பேரில் 2 பேருக்கு. படித்தவுடன் சீந்தில் கொடியைத் தேடி வேலியோரம் போகத் தோன்றும்.

கொஞ்சம் நில்லுங்கள். அதில் கொடுத்தது வேலியோரக் கொடியும் இல்லை, சமையல் மஞ்சளும் இல்லை. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் 25 விழுக்காடு இருக்கும்படி செறிவாக்கிய சாறு. அடுக்களை மஞ்சளில் அது 3 விழுக்காடு அளவில்தான் இருக்கும். இப்படியொரு பிரமாதமான பலன் உண்மையென்றால், வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது மருத்துவருக்கும் தெரியாதபடி மறைத்து, வேறு இடங்களிலும் நடத்தி, இந்நேரம் அரசுத் திட்டத்திலேயே சேர்ந்திருக்கும். அது நடக்கவில்லை.

நடந்தது வேறு. 2020இல், கொரோனாவுக்கு எதிர்ப்புச் சக்தி என்று ஊரே சீந்திலைக் குடித்த காலத்தில், மும்பையில் சீந்தில் சாப்பிட்ட 6 பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததை மருத்துவர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். பிறகு நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகையைப் போல அது இருந்தது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று சொல்லித்தானே சீந்திலை விற்கிறார்கள்? ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு சீந்தில் வகை கலந்திருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொண்டாலும், எந்தக் கொடி என்று அடையாளம் தெரியாமல் வாங்குவது நாம்தான்.

மஞ்சளும் செறிவாக்கிய மாத்திரையாக வரும்போது வேறு ஆளாகிவிடுகிறது. அமெரிக்காவில் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் குழு, மஞ்சள் மாத்திரையால் வந்த 10 பேரைப் பற்றி எழுதியது. ஒருவர் இறந்தார். 10 பேரில் 7 பேருக்கு ஒரே மரபணு அடையாளம் இருந்தது. இத்தகைய மாத்திரைகள் பலவற்றில், குர்குமின் உடம்பில் நன்றாகச் சேர மிளகின் பைபரினைக் கலக்கிறார்கள். பைபரின் ரிஃபாம்பிசினையும் கூடுதலாக உடம்பில் சேர்க்கும். அதைப் பயன்படுத்தியே ரிஃபாம்பிசின் 200 மில்லிகிராமோடு பைபரின் 10 மில்லிகிராம் சேர்த்த மாத்திரை இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. முழு அளவு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர் தனியாக ஒரு மஞ்சள்-மிளகு மாத்திரையைச் சேர்த்தால் என்ன கணக்காகும் என்று யாரும் அளந்து பார்த்துக் கொடுப்பதில்லை. குழம்பில் போடும் மஞ்சளையும் ரசத்தில் போடும் மிளகையும் சொல்லவில்லை. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

சிலிமாரின்

இது நம் ஊர்ச் செடி இல்லை. மத்திய தரைக்கடல் பக்கத்து முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது. இதன் முக்கியப் பகுதியான சிலிபினினை ஐரோப்பாவில் நச்சுக்காளான் தின்றவர்களுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். அந்தப் பெருமையை மாத்திரைக்கு அப்படியே மாற்ற முடியாது. வாய்வழி சாப்பிட்டால் முழுதாக உடம்பில் சேர்வதில்லை.

காசநோய் மருந்தோடு இதை மனிதர்களில் பலமுறை சோதித்திருக்கிறார்கள். மற்ற மூலிகைகளுக்கு இல்லாத சிறப்பு இது. தாய்லாந்தில் 55 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், 140 மில்லிகிராம் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கு நொதி ஏறுவது தெளிவாகக் குறைந்தது. ஆனால் சீனாவில் 4,000க்கும் மேற்பட்ட காசநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, முன்கூட்டியே கல்லீரல் காப்பு மருந்துகள் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. சின்ன ஆய்வில் பளிச்சென்று தெரிந்தது பெரிய கூட்டத்தில் கரைந்துபோனால், எனக்குப் பெரியதன் மேல்தான் நம்பிக்கை.

அப்படியானால் ஏன் மூலிகைகளில் இதை முதலில் வைத்தேன்? தீங்கு குறைவு என்பதால்தான். வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை போன்ற சின்னத் தொந்தரவுகள் சிலருக்கு வரலாம். கல்லீரலைக் கெடுத்ததாகப் பேச்சு அநேகமாக இல்லை. அளவு அட்டையில் எழுதியிருக்கும். பத்தியம் கேட்காது. பலன் கிடைக்காமல் போனால் நட்டம் பணத்தோடு நின்றுவிடும்.

பல மூலிகை கலந்த சிரப், டானிக் வகைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டுப் பத்துச் செடி கலந்திருந்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. பசி எடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள், இருக்கலாம். உலோகப் பற்பம் சேர்ந்த தயாரிப்பு என்றால் கிட்டவே போக வேண்டாம்.

இடையில் ஒன்று: செடி இல்லாத என்-அசிட்டைல்சிஸ்டைனும் இந்தப் பந்தயத்தில் இருக்கிறது. பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் அதுதான் சந்தேகமே இல்லாத மாற்று மருந்து. காசநோய் மருந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் கொடுத்துப் பார்த்தபோது, நொதி இறங்கும் வேகம் மாறவில்லை, ஆனால் மருத்துவமனையில் இருந்த நாட்கள் குறைந்தன. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எதுவும் சேர்க்காமல் இருப்பது

இதைச் சும்மா இருப்பது என்று நினைக்க வேண்டாம். செய்ய வேண்டியது இதில்தான் அதிகம். மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே ஒரு கல்லீரல் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை. குடி இருந்தால் ஆறு மாதத்துக்கு முழு நிறுத்தம். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் தானாகப் பாராசிட்டமால் போட்டுக்கொள்வதைக் கைவிட வேண்டும். பாதிப்பு பெரும்பாலும் முதல் 2 மாதத்தில்தான் வரும் என்பதால், வயதானவர், குடித்துப் பழகியவர், கர்ப்பிணி, ஹெபடைடிஸ் அல்லது எச்.ஐ.வி. உள்ளவர் ஆகியோருக்கு அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஆய்வகத்தின் மேல்வரம்பு 40 என்றால், குமட்டல், வாந்தி, பசியின்மை போன்ற தொந்தரவோடு எஸ்.ஜி.பி.டி. 120ஐத் தாண்டினாலோ, தொந்தரவே இல்லாமல் 200ஐத் தாண்டினாலோ மருந்தை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். கண் மஞ்சளானால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரிஃபாம்பிசின் முதல் நாளிலிருந்தே சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்கிவிடும், அது காமாலை இல்லை. வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

மூலிகையைச் சேர்க்காமல் இருப்பதில் இன்னொரு லாபம், பாதிப்பு வந்துவிட்டால்தான் தெரியும். நொதி 200க்கு மேல் போய்விட்டது என்று வையுங்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டிருந்தால் சந்தேகம் மூன்று மருந்துகளின் மேல். நொதி இயல்பின் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, எது காரணம் என்று மருத்துவர் கண்டுபிடிப்பார். கூடவே சீந்தில் கஷாயமும் ஒரு சிரப்பும் ஓடியிருந்தால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது கடினம். நல்ல மருந்தை அநியாயமாகச் சந்தேகித்து நிரந்தரமாக ஒதுக்கிவிடவும் நேரலாம். காசநோய்க்கு மாற்று மருந்துகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் நீண்ட காலம் சாப்பிட வேண்டியவை, தொந்தரவும் கூடுதல். பயந்துபோய் வீட்டிலேயே மாத்திரையை நிறுத்தி மூலிகைக்கு மாறினாலோ, கிருமி மருந்துக்கு அடங்காத வகையாக மாற நாமே வழி விட்டதாகும்.

சாப்பாட்டுக்கென்று அரசு நிக்ஷய் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. ஒரு மாதச் சிரப்புக்கும் சூரணத்துக்கும் போகிற பணத்தையும் அதோடு சேர்த்தால் முட்டை, நிலக்கடலை, பருப்பு, மீன் தாராளமாக வாங்கலாம். கீரை சாப்பிட ஆசைப்பட்டால் மணத்தக்காளியோ கரிசலாங்கண்ணியோ பொரியலாகச் சாப்பிடட்டும், அதை யாரும் தடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பெரியம்மா விடவில்லை என்றால் சிலிமாரினைக் காட்டிச் சமாதானம் செய்யலாம். வீட்டில் ஏற்கெனவே ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒளிக்காமல் பாட்டிலையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். திட்டு விழும், பரவாயில்லை. என்றைக்கு ஆரம்பித்தீர்கள், எத்தனை வேளை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு வைத்துக்கொண்டால் அவருக்கு வேலை சுலபம்.